கோரிக்கை மனு: பழவேற்காட்டை ஊர்க்காரர்களே சுற்றிக்காட்ட வழிவகை செய்ய வேண்டி

அனுப்புநர்
பழவேற்காட்டில் வழிகாட்டும் உள்ளூர்க்காரர்கள் சார்பாக,
கோட்டைக்குப்பம், பழவேற்காடு,
பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருவள்ளூர்.

பொருள்: பழவேற்காட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சியும் அடையாள அட்டையும் வழங்கி, கட்டணம் நிர்ணயிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்களில் மீன்பிடிப்பவர்கள் உண்டு, ஓலைப்பெட்டி முடைபவர்கள் உண்டு, படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்தும், தடா, சூளூர்பேட்டை பக்கம் ஆந்திராவிலிருந்தும் கார்கள் வருகின்றன. வருகிறவர்கள் கேட்டால் கூடப் போய் ஊரைக் காட்டுகிறோம். எங்களுக்கு அட்டை கிடையாது, இவ்வளவுதான் கூலி என்ற கணக்கும் கிடையாது. கொடுப்பதை வாங்கிக்கொள்கிறோம்.

போன பறவைக் காலத்தில் நடந்த ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். வயதான தம்பதி, அவர்கள் மகள், பேத்தி என நான்கு பேர் ஒரு காரில் வந்தார்கள். ‘தனி வழிகாட்டியுடன் பழவேற்காடு, ஒரு நாள்’ என்று சொல்லி ஒரு பயண ஏற்பாட்டாளர் முன்பணமாகவே முழுத் தொகையையும் வாங்கியிருந்தார். வழிகாட்டி என்று வந்தவர் கார் ஓட்டுநர்தான். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி ஏரியைக் காட்டினார். அப்புறம் டச்சுக் கல்லறைக்குக் கூட்டி வந்து, “இது வெள்ளைக்கார ராஜா குடும்பத்துக் கல்லறை, ராத்திரியில் யாரும் வர மாட்டார்கள்” என்றார். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பயந்துபோன பேத்தி உள்ளே வரமாட்டேன் என்று அழுதாள். பாட்டியம்மா அங்கே நின்றிருந்த, எங்களில் ஒருவனான, இந்த மனுவை எழுதும் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இது உண்மையில் யாருடையது?” என்று கேட்டார்கள். உள்ளே அழைத்துப் போய் ஒவ்வொரு கல்லாகக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேத்தியே கல்லில் இருக்கும் எழுத்துகளை விரலால் தடவி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். கிளம்பும்போது அந்தப் பெரியவர், “இதற்குத்தானே நாங்கள் பணம் கட்டினோம்?” என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அந்த ஓட்டுநரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவருக்கு இந்த ஊரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் குறையெல்லாம், சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்குள்ளேயே இருந்தும் அவர்களை முன்னால் நிறுத்த ஓர் ஏற்பாடு இல்லையே என்பதுதான்.

ஆட்சியர் அவர்கள் அறியாதது அல்ல. ஆனாலும் இந்த ஊரில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

காலை ஏழு மணி வாக்கில் கல்லறைத் தோட்டத்தில் ஆரம்பிப்பதுதான் சரி. வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லில் வெட்டிய டச்சு எழுத்துகளும் குலச் சின்னங்களும் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் மங்கி வெறும் பலகைக் கல்லாகிவிடும். வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கியது யாரையும் பயமுறுத்துவதற்கு அல்ல. சாவு எல்லோருக்கும் பொது என்று நினைவூட்ட அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் கல்லறைகளில் வைத்த அடையாளம் அது. இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், குழந்தைகள் கூடப் பயப்பட மாட்டார்கள். இணையத்தில் ‘பேய்க் கல்லறை’ என்று காணொளி போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு மனது வலிக்கிறது. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.

பக்கத்திலேயே கோட்டை மேடு. 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம் இப்போது புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. சுற்றிலும் அகழியின் தடம் தெரியும். சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை இங்கேதான் இருந்தது. இங்கிருந்து கட்டம் போட்ட பருத்தித் துணி உலகம் முழுக்கப் போனது. ‘புலிகாட் கைக்குட்டை’ என்று ஐரோப்பியச் சந்தைகளில் பெயர் வாங்கியது எங்கள் ஊர்த் துணிதான். வெடிமருந்தும் இங்கே தயாரானது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

துணியோடு ஆட்களும் போனார்கள் என்பதை அந்த மேட்டில் நின்று சொல்ல வேண்டும். பஞ்ச காலங்களில் விற்கப்பட்டவர்களையும் பிடிக்கப்பட்டவர்களையும் இந்தக் கரையிலிருந்து படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். கல்லறையில் பெயரோடு படுத்திருப்பவர்கள் கம்பெனிக்காரர்கள். கப்பலேறியவர்களுக்கு இங்கே ஒரு கல் கிடையாது. வெளியூரிலிருந்து வந்து ஊரைக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதை நாங்கள் கேட்டதில்லை. நாங்கள் சொல்லும்போது, நெதர்லாந்திலிருந்து தங்கள் முன்னோர் பெயரைத் தேடி வருகிறவர்கள்கூட அமைதியாக நின்று கேட்கிறார்கள். சொல்ல வேண்டிய முறையில் சொன்னால் யாருக்கும் மனக்கசப்பு வராது. அந்த முறையைத்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் கற்றுத்தர வேண்டும் என்று கேட்கிறோம்.

மேட்டை விட்டு இறங்கினால் முஸ்லிம் தெருக்கள், பள்ளிவாசல்கள். சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்ப்பதற்கு வைத்த நிழல் கடிகாரம் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பனை ஓலையில் பெட்டியும் தட்டும் முடையும் பெண்கள் இருக்கிறார்கள். வருகிறவர்கள் அவர்களிடமே நேரில் வாங்கினால் காசு முழுவதும் அந்த வீட்டுக்குப் போகும். ஆனால் யார் வீட்டுத் திண்ணையில் எப்போது நிற்கலாம், யாரைப் படம் எடுக்கக் கூடாது என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். கேமராவோடு முற்றத்துக்குள் நுழைந்துவிடுகிறவர்களால் போன வருடம் ஒரு தெருவில் சச்சரவே வந்தது. பறி என்ற மீன் கூடையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையும் சிலர் வேடிக்கைப் பொருளாக நினைத்துப் படம் பிடிக்கிறார்கள். கூட ஓர் ஊர்க்காரர் இருந்தால் இது நடக்காது.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் நீளச் சிற்பங்களாக ராமாயணக் காட்சிகள் உண்டு. காட்டாவிட்டால் யார் கண்ணிலும் படாது. போர்த்துகீசியர் காலத்தில், 1515-ல் தொடங்கியது என்று சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. பாலம் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம், கடற்கரை.

அப்புறம் ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடிதான் நம் பங்கு. நம் பக்கத்துப் பகுதி 1980-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகள் வந்து ஆழமில்லாத தண்ணீரில் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து இரை தேடும். கிட்டே போனால் பறந்துவிடும். பறந்தால் அந்த வேளை இரை போச்சு. கூட்டம் எழும்பிப் பறப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று கை தட்டுகிற, ஹாரன் அடிக்கிற ஓட்டுநர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். எந்தத் திட்டில், எந்த வெயிலில், எவ்வளவு தூரத்தில் நின்றால் பறவையும் கலையாமல் நாமும் பார்க்கலாம் என்பது இங்கே வலை போடுகிறவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஏரிக்குள் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை தலைமுறை தலைமுறையாக இங்கே நடக்கிறது. அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு.

பக்கத்து மாநிலத்தில் சூளூர்பேட்டையில் அரசாங்கமே பூநாரைத் திருவிழா நடத்துகிறது. நேலபட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்களைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. அதே ஏரி, அதே பறவை. அங்கே பார்த்துவிட்டு இங்கே வருகிற தெலுங்குக் குடும்பங்கள், “இங்கே கேட்க ஆள் இல்லையா?” என்கிறார்கள். எங்களில் பாதிப் பேருக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். எல்லையில் இருக்கிறோம், சம்பந்தமும் வியாபாரமும் இரண்டு பக்கமும் உண்டு.

படகைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்த உடல்களைத் தண்ணீரிலிருந்து எடுத்தவர்களில் எங்கள் ஊர் மீனவர்களும் உண்டு. அதன் பிறகு மாவட்ட நிர்வாகம் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டது. அந்தத் தடையை எடுக்கச் சொல்லி இந்த மனு எழுதப்படவில்லை. ஒரு நாள் முழுக்கக் காட்டுவதற்கு இந்த ஊரில் தரையிலேயே இடம் இருக்கிறது. நடந்து பார்க்க ஒழுங்கான ஏற்பாடு இல்லாததால்தான் வருகிறவர்கள் நேரே கரைக்குப் போய், யாராவது திருட்டுத்தனமாகப் படகில் ஏற்றமாட்டார்களா என்று கெஞ்சுகிறார்கள். கூட ஒரு வழிகாட்டி இருந்தால், “படகு வேண்டாம், வாருங்கள்” என்று சொல்லித் தடுக்கவும் ஆள் இருக்கும்.

ஆகவே தாங்கள் செய்து தர வேண்டியதாக நாங்கள் கேட்பது இவைதான். பழவேற்காட்டிலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் குடியிருப்பவர்களில், பெண்களுக்குச் சம இடம் கொடுத்து, விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து சுற்றுலாத் துறை மூலம் பயிற்சி தர வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகம் வழிகாட்டிகளுக்கு இணையவழிப் பயிற்சியும் சான்றிதழும் வைத்திருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்போடு வலைக்குப் போய்விட்ட பையனுக்கு அந்த வழி எட்டாது. பயிற்சி தமிழில், எங்கள் ஊரிலேயே, மீன்பிடி வேலை இல்லாத நேரத்தில் நடக்க வேண்டும். தொல்லியல் துறையிலிருந்து ஒருவர் கல்லறையைப் பற்றியும், வனத்துறையிலிருந்து ஒருவர் பறவைகளைப் பற்றியும், முதலுதவி தெரிந்த ஒருவர் அதைப் பற்றியும் வந்து சொல்லிக்கொடுத்தால் போதும். மீதி எங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர்களிடமும் இருக்கிறது.

பயிற்சி முடித்தவர்களுக்குப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும். கட்டணத்தை அரை நாளுக்கு இவ்வளவு, முழு நாளுக்கு இவ்வளவு என்று தங்கள் அலுவலகமே முடிவு செய்து பேருந்து நிறுத்தத்திலும் கல்லறை வாசலிலும் பலகை வைக்க வேண்டும். தொகை கூடவோ குறையவோ இருக்கட்டும், எழுதி வைத்திருந்தால் பேரமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. வெளியூர் ஏற்பாட்டாளர்கள் ‘வழிகாட்டியுடன்’ என்று சொல்லிப் பணம் வாங்கினால், அட்டை உள்ள ஒருவரை அமர்த்த வேண்டும் என்று உத்தரவிட்டால் அவர்களுக்கும் நல்லது, பணம் கட்டுகிறவர்களுக்கும் நல்லது.

இன்னொன்று, கழிப்பறை. சுற்றிப் பார்க்க வரும் பெண்கள் இரண்டு மணி நேரத்தில் திரும்பிப் போவதற்கு முக்கியமான காரணம் இது. எங்கள் வீடுகளைத் திறந்துவிடுகிறோம், ஆனால் எத்தனை பேருக்கு? பெண்கள் வழிகாட்டியாக வர வேண்டும் என்று கேட்கும்போது இதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. கல்லறைத் தோட்டம் பக்கம் ஒன்று, கரைப் பக்கம் ஒன்று, தண்ணீர் வசதியோடு கட்டி, பராமரிப்பை உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கொடுத்தால் அவர்களுக்கும் வருமானம்.

கல்லறையிலும் கோட்டை மேட்டிலும் தமிழில் விளக்கப் பலகை வைக்கத் தொல்லியல் துறைக்குத் தாங்கள் பரிந்துரை செய்ய வேண்டும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள்.

பறவைக் காலம் தொடங்குவதற்குள் முதல் பயிற்சி நடந்தால் இந்த ஆண்டே வேலை ஆரம்பித்துவிடலாம். மனுவை விசாரிக்க அலுவலர் யாரையாவது அனுப்புவதாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்லறை வாசலுக்கு வரச் சொல்லுங்கள். நாங்கள் கூட்டிப் போய் எல்லா இடத்தையும் காட்டுகிறோம். பகல் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். மீன் குழம்பு எங்கள் வீட்டில்.

இடம்: பழவேற்காடு

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழவேற்காட்டு உள்ளூர் வழிகாட்டிகள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்:
வட்டாட்சியர் அவர்கள், பொன்னேரி.
மாவட்டச் சுற்றுலா அலுவலர் அவர்கள், திருவள்ளூர்.