யார் எங்கே அமர்ந்திருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாசகர் கேள்வி–பதில் பகுதியில், காரில் மிகப் பாதுகாப்பான இருக்கை எது என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டிருந்தார். "பின் இருக்கையின் நடுவிடம்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பி ஒரு குடும்பம் காரில் ஏறினால் என்ன ஆகும் என்பதைத் தொழில் காரணமாக அடிக்கடி பார்க்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் சிக்கிய கார்களைப் பணிமனைக்குப் போய்ப் பார்த்து, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், எதைத் தட்டிச் சரிசெய்யலாம், எதற்கு எவ்வளவு இழப்பீடு என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் போகும்போது காருக்குள் ஆட்கள் இருப்பதில்லை. ஆனால் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் காரே சொல்லிவிடும்.

பெல்ட்டிலிருந்து தொடங்குவேன். கடுமையான மோதலின்போது பெல்ட் அணிந்திருந்தால், தோளுக்கு மேலே நாடா திரும்பும் வளையத்தின் பிளாஸ்டிக் உரசிச் சூடேறி, நாடாவின் மீதே பளபளவென்று கீற்றாகப் படிந்திருக்கும். பெல்ட்டை நொடியில் இழுத்து இறுக்கும் பிரீடென்ஷனர் வெடித்திருந்தால், நாடா பாதி வெளியே வந்த நிலையில் அப்படியே பூட்டிக்கொண்டு தொங்கும். அணியாதவருடைய நாடா கதவுத் தூணோடு ஒட்டி விறைத்து நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் வராது. படிவத்தில் உரிமையாளர் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் நாடா தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்வதில்லை.

பிறகு பின் கதவைத் திறப்பேன். கார் எத்தனை ஆண்டு பழையதாக இருந்தாலும் பின் இருக்கை பெல்ட் பெரும்பாலும் புது மெருகு கலையாமல் இருக்கும். கொக்கியை மாட்டும் பக்கிளைக் காணவே முடியாது. ஆசையாக வாங்கிப் போட்ட இருக்கை உறைக்கு அடியில், இரண்டு மெத்தைகளுக்கு நடுவே விரலை விட்டுத் துழாவினால் அகப்படும். அங்கிருந்து கண்ணை நிமிர்த்தினால் முன் இருக்கையின் முதுகு தெரியும். முழங்கால்கள் இடித்த இரண்டு குழிகள் இருக்கும். மோதல் பலமாக இருந்திருந்தால் இருக்கையின் முதுகுச் சட்டமே ஸ்டீயரிங்கை நோக்கி வளைந்திருக்கும். ஓட்டியவர் பெல்ட் அணிந்திருக்கிறார், அவருக்கு முன்னால் ஏர்பேக்கும் விரிந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து விழுந்த ஆளின் எடைக்கு அந்த இரண்டாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பதை வேகம் என்றே நாம் நினைப்பதில்லை. கணக்குப் போட்டால் அது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அதுதான். மோதியதும் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர், ஏதாவது ஒன்று தடுத்து நிறுத்தும்வரை, அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். அந்த ஏதாவது ஒன்று பெல்ட்டாக இருக்கலாம், டாஷ்போர்டாக இருக்கலாம், முன்னால் உட்கார்ந்திருக்கும் மகனின் முதுகாகவும் இருக்கலாம்.

ஜப்பான் ஆய்வாளர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் இருப்பவர் பெல்ட் அணியாவிட்டால், முன்னால் பெல்ட் அணிந்து உட்கார்ந்திருப்பவர் உயிரிழக்கும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது என்று 2002ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய எண் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அபாயம் கூடுகிறது என்பதில் மாற்றமில்லை. ஆகவே ஓட்டுநர் இருக்கை எவ்வளவு பாதுகாப்பானது என்று என்னிடம் யாராவது கேட்டால், பின்னால் யார், பெல்ட் போட்டிருக்கிறாரா என்று திருப்பிக் கேட்பேன். அதற்கு விடை தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

பின் இருக்கை பாதுகாப்பானது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? முன்னிருப்பவர்களுக்கு எதிரே கண்ணாடி, ஸ்டீயரிங், இன்ஜின் என்று வரிசையாக ஆபத்து காத்திருந்த காலத்தில் அது சரியாகவே இருந்தது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டை வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் 1959இல் கொண்டுவந்தார்; காப்புரிமையை வைத்துப் பணம் பார்க்காமல் மற்ற நிறுவனங்களும் அதைச் செய்துகொள்ள வால்வோ விட்டுக்கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த முன்னேற்றங்களில் பெரும்பாலானவை முன் வரிசைக்கே போயின. முன்னால் ஏர்பேக் வந்தது. பிரீடென்ஷனர் வந்தது. மார்பெலும்பை நொறுக்கிவிடாதபடி, குறிப்பிட்ட விசைக்கு மேல் நாடாவைச் சற்றுத் தளர்த்திக் கொடுக்கும் லோடு லிமிட்டரும் வந்தது. பின்னால் உட்காருகிறவருக்குப் பல கார்களில் இன்றும் வெறும் நாடாதான்.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. 2007ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தையவையுமான கார்களில், பெல்ட் அணிந்து முன்னால் அமர்ந்தவரைவிட, பெல்ட் அணிந்து பின்னால் அமர்ந்தவர் உயிரிழக்கும் அபாயம் 46 சதவீதம் அதிகம் என்பது அதன் கணக்கு. பின்னிருக்கை மோசமாகிவிடவில்லை, முன்னிருக்கை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். 2022இல் அந்த அமைப்பு தன் மோதல் சோதனையை மாற்றி, ஓட்டுநருக்குப் பின்னால் சிறிய உடலமைப்புள்ள பெண் அல்லது 12 வயதுப் பிள்ளை அளவில் ஒரு பொம்மையையும் உட்காரவைத்தது. முதலில் சோதித்த 15 சிறிய எஸ்.யூ.வி. கார்களில் 2 மட்டுமே 'நன்று' என்று தேறின. 9 'மோசம்' என்ற கடைசி நிலையில் விழுந்தன. முன்னிருக்கைக்காக மோதல் சோதனைகளில் நட்சத்திரங்களை வாங்கிக் குவித்து விளம்பரம் செய்யும் இதே கார் தொழில்தான், பின்னால் உட்காருகிறவரை இவ்வளவு காலம் கண்டுகொள்ளாமல் விட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளைகளை முன்னிருக்கைக்கு மாற்றிவிட வேண்டாம். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பின் இருக்கைதான் சரி என்று அதே அமைப்பு சொல்கிறது. முன்னால் இருக்கும் ஏர்பேக் பெரியவரின் உடலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. கண் இமைத்து முடிப்பதற்குள் அது விரிந்து முடிந்திருக்கும். பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை இருக்கையை முன்னால் வைத்தால், குழந்தையின் தலைக்குப் பின்னுள்ள பலகை ஏர்பேக் மூடியை ஒட்டியே இருக்கும். மூடி திறக்கும் வேகத்தில் அந்த அடி நேராகத் தலைக்குத்தான். வெயில் மறைப்பை இறக்கினால் இதற்கான எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்கும். அதன்மேல் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிவைத்திருந்த ஒரு காரை நான் பார்த்திருக்கிறேன்.

மடியில் வைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 'என் கையில் பத்திரமாக இருக்கும்' என்று சொல்லாத தாய்தந்தையர் குறைவு. மேலே சொன்ன 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோவைத் தூக்கும் அளவு பலம் கையில் இருக்க வேண்டும். பாசம் எவ்வளவு இருந்தாலும் தசைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. பெரியவர் பெல்ட் அணியாமல் இருந்தால் இன்னும் மோசம்: குழந்தைதான் அவருக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரே பெல்ட்டுக்குள் இருவரையும் சேர்த்துக் கட்டுவதும் அதே கதைதான்.

உங்கள் பதிலில் வந்த நடுவிடத்துக்கு வருகிறேன். பக்கவாட்டில் மோதும்போது கதவுக்கும் உடலுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இருப்பதில்லை. முன்பக்கத்தில் நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள நீண்ட இன்ஜின் அறை இருக்கிறது. பக்கத்தில் தகடும் ஒரு குறுக்குக் கம்பியும்தான். அதனால் இரு கதவுகளிலிருந்தும் தள்ளியிருக்கும் நடுவிடத்துக்கு உண்மையிலேயே சாதகம் உண்டு. 3 வயது வரையிலான குழந்தைகள் உரிய இருக்கையில் கட்டப்பட்டு நடுவில் இருந்தபோது, ஓரத்தில் இருந்தவர்களைவிடக் காயமடையும் அபாயம் 43 சதவீதம் குறைவாக இருந்ததாக 2008இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. ஆனால் இந்தச் சாதகம் முழுவதும் அங்கே என்ன பெல்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல பழைய கார்களில் நடுவில் இடுப்பைச் சுற்றும் நாடா மட்டுமே உண்டு. மேலுடல் முன்னால் மடிந்து, நாடா வயிற்றுக்குள் அழுந்தும். குடலும் முதுகெலும்பும் அடிவாங்கும். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் பெரும்பாலும் ஓர இருக்கைகளில்தான் இருக்கின்றன. நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் குழந்தை இருக்கையைவிட, ஓரத்தில் அசையாமல் பூட்டிய இருக்கை மேல். சந்தேகம் இருந்தால் அதைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அடிப்பகுதி இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் சரியாக மாட்டவில்லை என்று பொருள்.

வயதானவர்கள் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் புதிதாக இருக்கலாம். எலும்பு தேய்ந்த உடலுக்கு, தளர்ந்து கொடுக்காத நாடா ஒன்றே போதும் விலா எலும்புகளை முறிக்க. பிரீடென்ஷனரும் லோடு லிமிட்டரும் முன்னால் மட்டும் உள்ள காரில், நான் பெரியவரை முன்னால்தான் உட்காரச் சொல்வேன். இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும்.

நிமிர்த்தி என்பதை அழுத்திச் சொல்கிறேன். நீண்ட பயணத்தில் முன்னிருக்கையைப் படுக்கையாக்கிக்கொண்டு தூங்குகிறவர்கள் பெல்ட் அணிந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நாடா மார்பைவிட்டு விலகி அந்தரத்தில் நிற்கும். மோதினால் உடல் நாடாவுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பிடி வயிற்றுக்கும் சில நேரம் கழுத்துக்கும் ஏறிவிடும். டாஷ்போர்டின் மேல் காலை நீட்டுகிறவர்களுக்கு ஏர்பேக் விரிந்தால் முழங்கால் முகத்தை நோக்கி வரும், தொடையெலும்பு இடுப்பு மூட்டைப் பெயர்த்துக்கொண்டு போகும். ஹெட்ரெஸ்ட்டைத் தலையணை என்று நினைத்துக் கழுத்தளவில் தாழ்த்தி வைத்திருப்பவர்களும் உண்டு. அதன் மேல்விளிம்பு தலையின் உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும். பின்னாலிருந்து இடிபடும்போது கழுத்து ஒடிந்து திரும்பாமல் காப்பது அதுதான். மூன்றாம் வரிசை இருக்கைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பல கார்களில் உங்கள் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கையால் அளந்துவிடலாம். பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால் நசுங்குவதற்கு வேறு இடம் கிடையாது.

இனி, நான் எழுத வந்த கோரிக்கை. உங்கள் நாளிதழில் கார் விபத்துச் செய்தி வராத நாள் இல்லை. எந்த இடம், எத்தனை மணி, யார் யார் இறந்தார்கள், எங்கே போய்க்கொண்டிருந்தார்கள், எந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள் எல்லாம் இருக்கும். ஒரே காரில் இருவர் இறந்து இருவர் சிராய்ப்போடு இறங்கி நடந்திருப்பார்கள். ஏன் என்பது மட்டும் இருக்காது. 'அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினர்' என்று முடித்துவிடுகிறீர்கள். நான் பார்த்தவரை அந்த அதிர்ஷ்டத்துக்குப் பெரும்பாலும் நாடாவில் பிளாஸ்டிக் கீற்று படிந்திருக்கும்.

யார் எந்த இருக்கையில் இருந்தார், பெல்ட் அணிந்திருந்தாரா, குழந்தை இருந்தால் அது எதில் உட்காரவைக்கப்பட்டிருந்தது என்ற விவரங்களை ஒவ்வொரு விபத்துச் செய்தியிலும் சேருங்கள். இறந்தவர்மீது பழிபோடுவது போல் ஆகிவிடுமே என்ற தயக்கம் உங்கள் செய்தியறையில் எழலாம், நியாயமான தயக்கம்தான். பெயரோடு சேர்த்துக் குற்றம் சுமத்தும் தொனியில் எழுத வேண்டியதில்லை. 'பின் இருக்கையில் இருந்த இருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை' என்று வயதையும் தொழிலையும் எழுதுகிற அதே இயல்பான தொனியில் எழுதினால் போதும். விசாரிக்கும் காவல் அதிகாரியிடம் உங்கள் நிருபர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இதையும் சேர்த்துக் கேட்கட்டும். நாள்தோறும் கேட்கத் தொடங்கினால், அவர்களும் குறித்துவைக்கத் தொடங்குவார்கள். பக்கத்தில் இடம் போதாது என்றால், நொறுங்கிய முன்பக்கத்தின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர்