தலைவர் பொறுப்பு உனக்கு வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பஹ்ரைனில் வெயில் கொளுத்துகிறது என்று கேள்விப்பட்டோம், தண்ணீர் நிறையக் குடி. போனில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிவிடுகிறாள், இல்லையென்றால் உனக்கு வேலை வந்துவிடுகிறது. இதை முழுதாகச் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் திண்ணையில் நம்ம கிரிக்கெட் கிளப் கூட்டம் போட்டோம். நான் விலகுகிறேன் என்று சொன்னதும், அப்படியானால் உன்னைத் தலைவராகப் போடலாம் என்று பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். வேறு யார் வாயிலிருந்தாவது உன் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு என் மேல் கோபம். பிள்ளையிடம் பணம் மட்டும் வேண்டும், மரியாதை கொடுக்க மாட்டீர்களா என்று கேட்கிறாள். உனக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் காரணத்தைக் கேள்.

மாசியில் நான் ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேன் இல்லையா, அப்போது பையன்களுக்குத் தங்கச்சிமடத்தில் ஒரு மேட்ச். கிட் பெட்டிச் சாவி என் அரைஞாண் கயிற்றில். பையன்கள் நாலு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள், உடம்பு எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டார்கள், ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சாவியைக் கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. எதிர் அணியிடமே பேடும் கிளவுஸும் இரவல் வாங்கி ஆடித் தோற்றுவிட்டு வந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று இரவு தூக்கமே இல்லை. கணக்கெல்லாம் என் நோட்டில், என் கையெழுத்தில். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது என் தலைக்குள். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் கிளப்பும் என்னோடு போயிருக்கும்.

கிளப்பை எப்படி ஆரம்பித்தோம் என்று உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். 1996 உலகக் கோப்பை. நம்ம கடற்கரையில் ஆண்டெனாவைத் தெற்கே திருப்பினால் இலங்கை டிவி ரூபவாஹினி பளிச்சென்று வரும் காலம். லாகூரில் இலங்கை ஜெயித்த இறுதி ஆட்டத்தை வலைக்கடை மாமா வீட்டு முற்றத்தில் ஊரே உட்கார்ந்து பார்த்தது. அடுத்த வாரமே எட்டுப் பேர் புறம்போக்கில் ஆட ஒரு திடல் போட, அரிவாள், கடப்பாரையோடு சீமைக்கருவேலத்தை வெட்டப் போனோம். வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு தோண்டி எடுக்காவிட்டால் மறுபடி தழைத்துவிடும். மூன்று மாதம் தோண்டினோம். என் குதிகாலில் முறிந்த முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அந்தத் திடலுக்குத்தான் இப்போது ஆபத்து. சித்திரையில் யாரோ வந்து கிழக்குப் பக்கம் அளந்து நாலு கல் நட்டுப் போயிருக்கிறார்கள். மனு கொடுக்கப் போனோம். நீங்கள் எந்தச் சங்கம், பதிவு எண் என்ன என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடம் ஆடியும் காகிதத்தில் நாம் யாருமே இல்லை.

அதனால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தேன். 1975-ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டு, பெயர், நோக்கம், விதிகள் எழுதிக் கொடுத்தால் பதியலாம். அப்புறம் வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். பதிந்துவிட்டால் புறம்போக்கு நமக்குச் சொந்தமாகிவிடாது, அது தெரியும். ஆனால் மனுவில் போட ஒரு பெயர் இருக்கும். ஆகஸ்ட் 15 கிராமசபையில் அந்த இடம் ஊர் விளையாட்டுத் திடலாகவே இருக்க வேண்டும் என்று தீர்மானம் கேட்கப் போகிறோம். கிளப்புக்கு என்று கேட்கவில்லை, ஊருக்கு என்று கேட்கிறோம். வடக்குத் தெருக்காரர்களும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

உன்னை வேண்டாம் என்றது இதனால்தான். அப்பனுக்குப் பிறகு மகன் என்றால் நம்ம வீட்டுக் கிளப் ஆகிவிடும், வடக்குத் தெரு மறுபடி ஒதுங்கிவிடும். இரண்டாவது, கையெழுத்துப் போடுகிற ஆள் இங்கே இருக்க வேண்டும். செயலாளராக அந்த இடதுகைப் பந்துவீச்சுக்காரன். பொருளாளராக பி.காம் படிக்கிற உன் அத்தை மகள். என் நோட்டை இரண்டே நாளில் படித்து முடித்து, 2019-ல் நான் விட்ட கூட்டல் தப்பைக்கூடக் கண்டுபிடித்துவிட்டாள். சாயங்காலம் அவளும் இரண்டு தோழிகளும் பந்து போடப் பழகுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தப்பாக எடுக்காதே. மீன்பிடித் தடைக்கால டோர்னமெண்டுக்கு நீ ஒரு லட்சம் அனுப்பினாய். படகெல்லாம் கரையில் கிடக்கிற அந்த 61 நாளில் ஊர் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்ற உன் நினைப்பு எனக்குத் தெரியும். பரிசு, ஆளுயரக் கோப்பை, பந்தல், மைக் செட், சாப்பாடு என்று எல்லாம் நன்றாக நடந்தது. கடைசியில் மிச்சம் 1,340 ரூபாய். அதில் புதுப் பாய் வாங்க முடியுமா? நேற்றுக்கூட, பிட்ச்சில் விரிக்கிற தென்னைநார்ப் பாயைத் திண்ணையில் விரித்து வலை ஊசியும் நைலான் நூலும் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பேட்ஸ்மேன் நிற்கிற இடத்தில் இரண்டு சாண் அளவுக்கு நார் தேய்ந்து ஓட்டை. பந்து அங்கே குத்தினால் எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. போன மாதம் ஒரு சின்னப் பையனுக்குத் தாடையில் பட்டது.

அடுத்த வருடம் மொத்தமாக அனுப்பாதே. வளைகுடாவில் நம்ம பழைய ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேராவது இருப்பீர்கள். ஆளுக்கு மாதம் 500 ரூபாய் கிளப் கணக்கில் போட்டால் வருடத்துக்கு 72,000. என் கைக்கு வேண்டாம், கணக்குக்கு. எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறோம்.

பையன்கள் சேலம் சின்னப்பம்பட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். டென்னிஸ் பந்தில் ஆடி இந்திய அணிக்குப் போன நடராஜன், பிறகு தன் ஊரிலேயே மைதானம் கட்டினார், அதைச் சொல்கிறார்கள். நல்ல மனுஷன். ஆனால் நம்ம ஊரில் அப்படி ஒருவன் வரும்வரை திடல் காத்திருக்காது தம்பி. இருக்கிற திடலை இப்போதே பிடித்துவைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை லீவுதானே, போன் போடு. அதற்குள் அங்கே இருக்கிறவர்கள் பெயரை எழுதி வை. பெட்டிச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். பெட்டியில் உன் கீப்பிங் கிளவுஸ் இருந்தது. வடக்குத் தெருப் பையன் ஒருவன் நன்றாகக் கீப்பிங் செய்கிறான், அவன் கைக்குச் சரியாக இருக்கும். அம்மா அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள், யாருக்கும் தர மாட்டாளாம். நான் கேட்டால் நடக்காது. நீயே அவளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா