வட்டி மட்டும்தான் காரணமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நிறுவனங்கள் ஒன்றை ஒன்று வாங்குவதும் இணைவதும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வட்டி இறங்கினால் இணைப்புகள் பெருகும், ஏறினால் படுத்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். பல வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். என்னால் இதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஏழு வருடம் அங்கேயே வைத்திருந்தது. அப்படியென்றால் 2009லேயே இணைப்புகள் குவிந்திருக்க வேண்டாமா? 2007ல் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2015 வரை ஆனது. அதற்கு முன்பு 1988ஐப் பாருங்கள். அமெரிக்காவில் வட்டி 8 சதவீதத்தைத் தாண்டியிருந்த நேரத்தில்தான் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம், சிகரெட்டும் பிஸ்கட்டும் விற்ற ஆர்ஜேஆர் நபிஸ்கோவைச் சுமார் 2,500 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. அதில் பெரும்பகுதி கடன். திருப்பி வராமல் போகும் அபாயம் அதிகம் என்பதால் ‘ஜங்க் பாண்ட்’ (குப்பைப் பத்திரம்) என்று பேர் வாங்கியிருந்தும் அன்று அந்தக் கடன் பத்திரங்களை வாங்க ஆள் இருந்தது. வட்டி எவ்வளவு என்பதைவிட, கடன் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 2022ல் ட்விட்டரை வாங்கச் சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்த வங்கிகள், அந்தக் கடனை மற்ற முதலீட்டாளர்களிடம் கைமாற்ற முடியாமல் இரண்டு வருடத்துக்கு மேல் சுமந்தன. பணம் இப்படி முடங்கிக் கிடந்தால் அடுத்து வருகிறவருக்கு எங்கிருந்து கொடுப்பார்கள்?

அப்புறம், விலை. நான் வேலை பார்த்த நிறுவனத்தை ஒருமுறை விலை பேசினார்கள். கணக்குப் புத்தகங்களை எடுத்து வைத்தவன் நான்தான். எங்கள் முதலாளி மனதில் முந்தைய வருடம் பங்கு தொட்ட உச்ச விலை பதிந்து போயிருந்தது. வந்தவர்களோ அன்றைய விலையைத்தான் பேசினார்கள். ஒன்பது மாதம் இழுத்தது. வட்டி அசையவே இல்லை. சந்தை கொஞ்சம் ஏறி, பழைய விலை கண்ணுக்குத் தெரிந்ததும் மூன்றே வாரத்தில் கையெழுத்தாகிவிட்டது.

பங்கு விலை ஏறும்போது இன்னொன்றும் நடக்கிறது: பங்கே பணமாகிவிடுகிறது. 2000 ஜனவரியில் இணைய நிறுவனமான ஏஓஎல், ஊடக நிறுவனமான டைம் வார்னரை வாங்குவதாக அறிவித்தபோது கொடுக்க முன்வந்தது தன் பங்குகளை. வங்கி வட்டிக்கு அங்கே என்ன வேலை?

சட்டம் மாறினாலும் அலை கிளம்பும். 1996ல் தடைகளைத் தளர்த்திய அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் துறையில் பார்த்தோம்.

வட்டிக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021ல் உலக அளவில் 5 லட்சம் கோடி டாலரைத் தாண்டிய இணைப்புகளின் மதிப்பு 2023ல் 3 லட்சம் கோடிக்கும் கீழே போனது உண்மை. ஆனால் ஃபெடரல் ரிசர்வின் வட்டி 2022 மார்ச் முதல் 2023 ஜூலைக்குள், பூஜ்யத்தை ஒட்டிய இடத்திலிருந்து 5.25 சதவீதத்துக்கு மேலே போனது. அந்த வேகத்தில் எந்த நிறுவனத்துக்கு என்ன விலை போடுவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. உயரத்தைவிட அந்த வேகம்தான் பேச்சுவார்த்தைகளை நிறுத்தியது என்பது என் கருத்து.

அடுத்த முறை இதை எழுதும்போது, வட்டி வரைபடத்தின் பக்கத்திலேயே பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தையும், வங்கிகள் இணைப்புகளுக்குக் கொடுத்த கடன் அளவையும் சேர்த்துப் போடுங்கள். இப்படி வாங்கி விற்கப்படும் நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்