பெட்டி மூடியையும் ஒரு பாடமாக எடுங்கள்

கல்லடி, சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் கற்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம்.

எனக்குப் பத்து வயதில் லண்டன் மாமா ஒரு பழைய எயார்பிக்ஸ் பெட்டி கொண்டுவந்து தந்தார். ஒட்டிச் செய்யும் மாதிரி விமானங்களை விற்கும் பிரித்தானிய நிறுவனம் அது. உள்ளே இருந்த துண்டுகளை ஒட்டி நான் செய்த ஸ்பிட்பயர் போர் விமானம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மூடி மட்டும் இன்னும் என் மேசைக்கு மேலே இருக்கிறது. அதில் வரைந்திருக்கும் விமானம் சரிந்து நம் பக்கம் வருகிறது. ஒரு இறக்கையில் வெயில், மற்றதன் அடியில் கடலின் நீலம் படிந்திருக்கிறது. வெளிச்சம் பொருளின் நிறத்தை மாற்றும் என்று எனக்கு முதலில் காட்டியது அந்த அட்டைதான்.

எயார்பிக்ஸுக்கு 1964 முதல் 1974 வரை மூடிப் படங்கள் வரைந்தவர் ரோய் குரொஸ். உலகப் போர்க் காலத்தில் விமானத் தொழிற்சாலையில் தொழில்நுட்பப் படம் வரைந்து பழகிய கை அது. 2024இல், நூறு வயதில் காலமானார். யப்பானில் கொமட்சுசாகி ஷிகேரு என்ற ஓவியர் 1961இல் தமியா என்ற மாதிரி நிறுவனத்தின் பாந்தர் போர்த்தாங்கிப் பெட்டிக்கு வரைந்தார். கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்ட மாட்டார்கள். வாங்க வந்தவரை நிறுத்தும் வேலை முழுவதும் படத்தின் தலையில்தான். விற்பதற்காக வரைந்தது என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

விமானச் சத்தம் கேட்டால் பதுங்கிய ஊர் எங்களது. போர்ப்படம் எதற்கு என்று கேட்பீர்கள், நியாயம்தான். பின்னாளில் எயார்பிக்ஸ் பெட்டிகளிலிருந்து குண்டையும் தீயையும் அழித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீயை அழித்தால் போர் மறையாது, விமானம் ஏன் அப்படிச் சரிகிறது என்பதுதான் புரியாமல் போகும்.

1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை நமது கடலில்தான் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. கப்பல் இன்னும் கீழேயே கிடக்கிறது. அதன் 700இல் ஒரு பங்கு மாதிரியை யப்பானின் அவோஷிமா நிறுவனம் செய்கிறது, நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. அதற்கு ஒரு மூடி வரையும்படி மாணவர்களிடம் கேளுங்கள். வெறுந்தளத்தை, தண்ணீரில் குதித்தவர்களை, மட்டக்களப்புக் காலை வெயிலை அவர்களால் வரைய முடியும்.

என்னிடம் பதினொரு பழைய மூடிகள் இருக்கின்றன. ஒரு தவணைக்கு இரவலாகத் தருகிறேன். ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒருவர்