தோழிகளின் மாஜோங் மேசை

ஆசிரியருக்கு,

யூதப் பெண்களின் ஆயுள்கால நட்பைச் சொல்லும் இசை நாடகம் பற்றி உங்கள் கலைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் அப்படிப்பட்ட தோழிகள் எங்கே கூடுவார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். அமெரிக்க யூதக் குடும்பங்களில் அதற்கென்றே ஒரு மேசை உண்டு, மாஜோங் மேசை.

சீன ஆட்டமான மாஜோங் 1920களில் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியது. மோகம் அடங்கிய பிறகும் அதை விடாதவர்களில் பலர் யூதப் பெண்கள். 1937இல் நியூயார்க்கில் தேசிய மாஜோங் லீக்கைத் தொடங்கியதும் அவர்கள்தான். லீக்கின் ஆட்டத்தில் 152 காய்கள், ஆண்டுதோறும் மாறும் விதி அட்டை. அந்தக் காலத்தில் கோடை விடுமுறைக்கு நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைக் குடில்களில் போய்த் தங்குவார்கள்; கணவர்கள் வாரக் கடைசியில்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் ஆட்டமும் அரட்டையும். அம்மாவின் காய்ப்பெட்டி அப்புறம் மகளுக்கு. சில வீடுகளில் மேசையில் அம்மாவின் இடமும்கூட.

யூதக் குடும்பம் ஒன்றைப் பற்றிய இன்னொரு இசை நாடகம், 1964இல் மேடையேறிய ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’, நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 3,242 காட்சிகள் ஓடியது. அருமையான நாடகம், சரி. ஆனால் அது அப்பாவின் கதை. ஐந்து பெண்களைப் பெற்ற அம்மா கோல்டே மனம்விட்டுப் பேச அதில் யார் இருக்கிறார்கள்? கல்யாணத் தரகர் யென்டேதான்!

– வாசகி, திருச்சி