‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல ஊர்களில் கிளை பரப்பியுள்ள இத்தாலிய உணவகங்கள் இப்போது வடசென்னைக்கும் வந்துவிட்டன. பிறந்தநாள் என்றாலும் தேர்வு முடிவு என்றாலும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் பீட்சா, பாஸ்தா என்றுதான் கேட்கிறார்கள். சீலியாக் நோய் உள்ள ஒரு சிறுமியின் தாய் என்ற முறையில், இந்த உணவகங்களின் மெனு அட்டையில் காணப்படும் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற குறிப்பைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதை உண்டால், அவர்களுடைய உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே உணவின் சத்துகளை உறிஞ்சும் சிறுகுடலின் நுண்ணிய குடலுறிஞ்சிகளைச் சிதைத்துவிடுகிறது. இரும்பும் கால்சியமும் உடலில் சேராமல் இரத்தசோகையும், குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவும் உண்டாகின்றன. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே தவிர்ப்பது ஒன்றே சிகிச்சை. எடை குறைப்பதற்காகச் சிலர் விரும்பி மேற்கொள்ளும் பத்தியத்தோடு இதைச் சேர்த்துப் பார்ப்பது எங்களைப் போன்ற குடும்பங்களை மிகவும் வேதனைப்படுத்துகிறது. வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் இந்நோய் குறைவாகவே காணப்படுவதால் இங்கே பலருக்கு இதன் பெயர்கூடத் தெரிவதில்லை. ஆனால் சௌகார்பேட்டை முதல் பெரம்பூர் வரை, நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் வாழும் வடசென்னையில் அதையே காரணமாகச் சொல்லி ஒதுங்கிவிட முடியாது.

வீட்டில் எங்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், சோறு என்று நம் உணவில் பெரும்பகுதி அரிசியும் உளுந்தும்தான். ரவா தோசையை விட்டுவிட்டோம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம் என்பதால் டப்பாவைத் திருப்பிப் படித்த பிறகே வாங்குகிறோம். சிரமமெல்லாம் வெளியே சாப்பிடும்போதுதான்.

அண்மையில் ஒரு வணிக வளாகத்தில் உள்ள இத்தாலிய உணவகத்துக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். மெனு அட்டையில் குளூட்டன் இல்லாத பாஸ்தா இருந்தது. பரிமாற வந்த இளைஞர் நாங்கள் கேட்காமலேயே அரிசியிலும் சோளத்திலும் செய்த பாஸ்தாவின் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், மற்ற எல்லோருக்குமான கோதுமை பாஸ்தா வெந்துகொண்டிருந்த அதே பாத்திரத்தில், மாவு கரைந்து வெளுத்துப்போன அதே தண்ணீரில், எங்கள் பாஸ்தாவைப் போட்ட கம்பிக் கூடையையும் இறக்கினார்கள். எழுந்து சென்று கேட்டபோது, “பாக்கெட் தனிதான் மேடம், தண்ணி மட்டும்தான் ஒண்ணு” என்றார் அந்த இளைஞர். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. தண்ணீரில் கரைந்த கோதுமையும் கோதுமைதான் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வருத்தமெல்லாம் அந்தக் குறிப்பை அச்சிட்டுவிட்டுப் பயிற்சி தராமல் விட்ட நிர்வாகத்தின் மீதுதான். என் மகள் அன்று பழச்சாறு மட்டும் குடித்துவிட்டு எழுந்தாள்.

தண்ணீரோடு இது முடிவதில்லை. ரொட்டித்தூள் தடவிய பண்டங்களைப் பொரித்த எண்ணெயில்தான் உருளைக்கிழங்கு வறுவலும் பொரிகிறது. வெள்ளை சாஸ் கெட்டியாவது பெரும்பாலும் மைதாவால். பீட்சா மாவைத் தட்டும் மேடையில் வைத்தால் அரிசி மாவு பீட்சாவிலும் மைதா ஒட்டிக்கொள்ளும். தனிப் பாத்திரம், தனி வடிகட்டி, தனி எண்ணெய், கையுறை மாற்றுதல் ஆகியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ரிசோட்டோ என்ற அரிசிச் சமையல் இத்தாலியிலேயே இருக்கிறது. அதில் ஊற்றும் சாற்றில் கோதுமை கலக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு தனியாகச் சமைத்துக் கொடுத்தாலே எங்கள் குழந்தைகள் மகிழ்ச்சியோடு சாப்பிடுவார்கள்.

சட்டமும் இதைக் கவனித்தே இருக்கிறது. நம் நாட்டு விதிகளின்படி ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாதது என்று சொல்லக்கூடாது. 2020 ஆம் ஆண்டின் உணவுப் பொருள் விவரக் குறிப்பு விதிமுறைகளின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வாமை தரும் பொருள்களை மெனுவில் குறிப்பிட வேண்டும். அந்தப் பட்டியலில் குளூட்டன் உள்ள தானியங்களும் அடங்கும். பாஸ்தாவின் தாயகமான இத்தாலியில் சீலியாக் நோயாளிகளைப் பாதுகாக்க 2005 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அங்குள்ள நோயாளிகள் சங்கம் உணவகங்களுக்குப் பயிற்சி அளித்து, தகுதியானவற்றைப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. அந்நாட்டின் சமையலை இங்கே விற்பவர்கள் அந்தப் பொறுப்பையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர்கள் ஆய்வுக்குச் செல்லும்போது, குளூட்டன் இல்லாதது என்று விற்கப்படும் உணவு எந்தப் பாத்திரத்தில், எந்த எண்ணெயில் சமைக்கப்படுகிறது என்பதையும் கேட்டறிய வேண்டுகிறேன். தனியாகச் சமைக்க வசதியில்லாத உணவகங்கள், ‘கோதுமை புழங்கும் சமையலறையில் தயாரிக்கப்பட்டது, சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல’ என்று அந்தக் குறிப்பின் கீழேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பெரம்பூர், சென்னை.