மூத்தவளுக்கு, தேயிலைக் கன்றுத் தவறணையிலிருந்து

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. "இதுவும் பொம்பளைப் பிள்ளைன்னா என்னம்மா செய்றது, மாமி இப்பவே முகத்தைத் தூக்குறாங்க" என்றாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் வாய் திறக்க முடியவில்லை. அதான் எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் பாட்டு புதிதில்லை. நீங்கள் மூன்று பேரும் வரிசையாய்ப் பிறந்தபோது உன் அப்பாயி நம் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று, "இவ வயித்துல ஆம்பளை தங்க மாட்டேங்குது" என்று பக்கத்து நாலு காம்பரா வீட்டுக்கும் கேட்கச் சொன்னார். நானும் அதை நம்பித்தான் கிடந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளை எப்படி உண்டாகிறது என்ற பாடம் வந்ததும் எங்கள் வாத்தியார், "இதை வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். வீட்டில் யார் இருந்தார்கள் சொல்லித்தர? எனக்குச் சொல்லித்தந்தது தவறணையும், ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் உன் கடைசித் தங்கச்சியின் விஞ்ஞானப் புத்தகமும்தான்.

தவறணையில் என் வேலை உனக்குத் தெரியும். ஒரு இலை, அதற்குக் கீழே அரை விரல் நீளத்துக்குத் தண்டு. மண் நிரப்பிய பொலித்தீன் பையில் குத்தி, நிழலும் ஈரமும் கொடுத்தால் வேர் விட்டுவிடும். அந்தக் கன்றுக்கு அப்பாவே கிடையாது, தாயின் அதே அச்சு. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்து 2025 (வருஷமில்லை, ரகத்தின் நம்பர்) ஒரு மலை முழுக்க நின்றாலும் அத்தனையும் ஒரே செடிதான். பழைய விதைத் தேயிலை அப்படியா? ஒன்றின் இலை பெரிசு, பக்கத்துச் செடியில் சிறிசு. தேயிலைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு செடியிலிருந்து பூச்சி கொண்டுவர வேண்டும். அப்புறம் காய் முற்ற ஒரு வருஷம் வரை ஆகும். நமக்குப் பத்து மாதமே பெரிய பாடாக இருக்கிறது.

வாசல் பூசணி ஞாபகமிருக்கா? பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண், வெறும் காம்பென்றால் ஆண். மழை நாட்களில் தேனீ வராமல் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிரும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் நான் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவுக்குள் தேய்ப்பேன். "கல்யாணமாம்மா?" என்று நீ சிரிப்பாய். அந்தத் தூளின் ஒவ்வொரு மணியிலிருந்தும் மயிரிழை போல ஒரு குழாய் கீழே இறங்கிப் போய் விதையாகப் போகும் ஒரு சூலைத் தொடுமாம். ஒரு விதைக்கு ஒரு மணி. காயில் 300 விதை இருந்தால் 300 மணி வேலை செய்திருக்கிறது.

நமக்கும் சங்கதி அதேதான். மாதத்துக்கு ஒரு முட்டை சூலகத்திலிருந்து வெளியே வரும், ஒரு நாளுக்கு மேல் தாங்காது. கோடிக்கணக்கில் வரும் விந்தணுக்களில் ஒன்றே ஒன்று அதற்குள் நுழையும். முட்டையில் 23 நிறமூர்த்தம் (குரோமோசோம்), விந்தில் 23. அதில் ஒன்றுதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும். அந்த ஒன்றில் பெண் கொடுப்பது எப்போதும் எக்ஸ் (X). ஆணிடமிருந்து எக்ஸும் வரலாம், வையும் (Y) வரலாம். வை வந்தால் ஆண் பிள்ளை.

தங்கச்சி இதை வாசித்ததும் சிரித்துவிட்டேன். அப்பாயியின் மகன் கொடுத்ததைத்தானே நான் பெற்றேன்! அப்புறம் அடுப்படியில் போய் ரொம்ப நேரம் அழுதேன். உன் அப்பாவையும் குறை சொல்ல முடியாது, அவர் பார்த்துப் பொறுக்கியா அனுப்பினார்?

இன்னொன்றும் வாசித்தாள். பெண் பிள்ளைக்கு அதன் முட்டைகள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடும், ஐந்தாம் மாதத்திலேயே. அப்படியென்றால் அம்மாயி என்னை வயிற்றில் சுமந்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறியபோது, உன்னில் பாதியும் கூடவே ஏறியிருக்கிறாய்.

உனக்கும் இது ஐந்தாம் மாதம்.

கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்காதே, நீ சாப்பிடு. மருமகனுக்குத் தனியாக எழுதவில்லை. இதையே படிக்கக் கொடு.

அம்மா